கிசல்லோ அன்னையின் மலைத்தடங்கள்

இத்தாலியின் வடபகுதியில், ஆல்ப்ஸ் மலைத்தொடர் சமவெளியை நோக்கித் தாழ்ந்து வரும் இடத்தே, கோமோ ஏரி அமைந்துள்ளது. கவட்டைக் குச்சியைத் தலைகீழாகப் பிடித்தாற் போன்ற தோற்றமுடையது இவ்வேரி. வடக்கிலிருந்து ஒன்றாய் வரும் நீர்ப்பரப்பு, பெல்லாஜோ என்னும் சிற்றூரின் முனையில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கோமோ நகரையும் மற்றொன்று லெக்கோ நகரையும் சென்றடைகிறது. இவ்விரு கிளைகளுக்கும் இடைப்பட்ட மலைநாட்டை, ஏரியின் பழம்பெயரால், லாரியோ முக்கோணம் என வழங்குகின்றனர். பண்டைக் காலத்தில் இங்கே ஊர்ந்து வந்த பனியாறுகள் பள்ளத்தாக்குகளைக் குடைந்தன. 400 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள இப்பேரேரியும், தெற்கே புசியானோ, அன்னோனே, செக்ரினோ முதலிய சிற்றேரிகளும் அவ்வாறு பிறந்தவையே.

இம்மலைகளுக்கு இன்று பலர் மலை மிதிவண்டியோடு வருகின்றனர். பால்காரரும் தபால்காரரும் ஓட்டும் மிதிவண்டியை மனத்தில் கொண்டு இதனை எண்ணிப் பார்த்தல் ஆகாது. தடித்த டயர்களில் முரட்டுப் பற்கள்; கல்லில் மோதும் அதிர்ச்சியைத் தாங்க முன்புறத்தில் வில்லமைப்பு; செங்குத்தான ஏற்றத்திற்கென மிகத் தாழ்ந்த கியர்கள். 1970-களில் அமெரிக்கக் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பழைய வண்டிகளைத் திருத்தி மலைச்சரிவில் இறங்கி விளையாடியதே இதன் தொடக்கம். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டாவில் இது ஒலிம்பிக் போட்டியாகவும் ஆயிற்று.

ஆனால் லாரியோவின் தடங்களை விளையாட்டிற்காக எவரும் வெட்டவில்லை. வைக்கோலும் விறகும் பாலாடைக் கட்டியும் சுமந்த கோவேறு கழுதைகளுக்காகக் குடியானவர்கள் கல் பாவிய பாதைகள் அவை. பாதை திரும்பும் இடங்களில் தேவ அன்னைக்கும் புனிதர்களுக்கும் சிறு மாடங்கள் கட்டினர். சுமையை இறக்கி மூச்சு வாங்கும் இடமும், ஓர் அருள்நிறை மரியே சொல்லும் இடமும் ஒன்றாகவே இருந்தன.

கோமோ நகரிலிருந்து 1894-ஆம் ஆண்டு முதல் ஓடும் கம்பிவட இரயில் நம்மைச் சில நிமிடங்களில் புருனாத்தே என்னும் மலையூருக்கு ஏற்றிவிடுகிறது. அங்கிருந்து பெல்லாஜோ வரை, மலையின் முதுகெலும்பின் மீதே, சுமார் 30 கிலோமீட்டர் நீளத்திற்குத் தடம் செல்கிறது. முதலில் அகன்ற காட்டுப்பாதை. பீச் மரங்களின் நிழல். ஆங்காங்கே சூடான உணவு தரும் மலைக்குடில்கள். போலெத்தோனே, பலன்சோனே என்னும் உச்சிகளை அடுத்துப் பாதை ஒடுங்கி, புல்வெளியில் ஓர் ஒற்றையடித் தடமாகிறது. பலன்சோனே உச்சியில் கற்களாலான கூம்பு வடிவச் சிற்றாலயம் ஒன்றுண்டு. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து ஒருபுறம் ஏரிநீரும் மறுபுறம் சிற்றேரிகளும் தென்படும். பின்னர்ச் சோர்மானோ கணவாய்க்கு இறங்கி, சுமார் 1,680 மீட்டர் உயரமுள்ள சான் பிரீமோ மலையின் பக்கமாகச் செல்ல வேண்டும். இம்முக்கோணத்தின் மிக உயர்ந்த மலை அதுவே. தேர்ந்த ஓட்டுநரும் சில இடங்களில் இறங்கி வண்டியைத் தோளில் தூக்கிக்கொள்கின்றனர். அதில் இழிவேதும் இல்லை.

இத்தகைய தடங்களில் ஒரு பூசலும் உண்டு. நடந்து செல்வோரும் வண்டியில் விரைவோரும் ஒரே ஒற்றையடிப் பாதையைப் பங்கிட வேண்டியுள்ளது. பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு இறங்குவோர் மண்ணைக் கீறிச் செல்ல, அடுத்த மழை அக்கீறலை வாய்க்காலாக்கி விடுகிறது. நடப்பவருக்கு வழிவிடுவதும், ஈரமண்ணில் வண்டியை ஓட்டாதிருப்பதும் நல்ல ஓட்டுநரின் மரபு. பாதை அமைத்தவர்கள் ஏழைகள். அதனைத் தேய்ப்பவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள நகரத்தார். ஆதலின் இம்மரபைச் சற்றுக் கண்டிப்புடனேயே வலியுறுத்தல் தகும் என்பது நம் கருத்து.

சான் பிரீமோவின் அடிவாரத்தில் மெனரெஸ்தா என்னும் விந்தையான ஊற்று இருக்கிறது. சில நிமிடங்கள் நீர் பெருகும், பிறகு வற்றினாற்போல் குறையும், மீண்டும் பெருகும். சுண்ணாம்புப் பாறைக்குள் உள்ள வளைந்த துளை ஒன்று நிரம்புவதும் வடிவதுமே காரணம். லாம்ப்ரோ ஆறு பிறப்பது இங்கேதான். நீர் பெருகும் வரை காத்திருந்து குடுவையை நிரப்பிக்கொண்டு சற்றுக் கீழிறங்கினால் மக்ரேலியோ என்னும் ஊர் வரும். அங்கே, 754 மீட்டர் உயரத்தில், சாலையோரமாக நிற்கிறது கிசல்லோ அன்னையின் சிற்றாலயம்.

கிசல்லோ என்னும் பிரபு ஒருவர் இவ்வழியில் கள்வரிடம் சிக்கி, அன்னையின் மாடத்தை நோக்கி ஓடி உயிர் தப்பினார் என்பது செவிவழிக் கதை. வழிப்போக்கரின் காவலியாக நெடுங்காலம் வணங்கப்பெற்ற இவ்வன்னையை, பங்குத்தந்தை எர்மெலிந்தோ விகனோ அடிகளாரின் முயற்சியால், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949-ஆம் ஆண்டு அக்டோபர் 13 அன்று மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். லொம்பார்தியாப் பந்தயம் இவ்வழியே ஏறி வருகையில் ஆலய மணி ஒலிக்கும்.

உள்ளே சென்றால் நம்மவருக்கு ஒரு கணம் வேளாங்கண்ணி நினைவு வரும். அங்கே வெள்ளிக் கண்ணும் காலும் காணிக்கை. இங்கே சுவரெங்கும் மிதிவண்டிகள்! கொப்பி, பார்த்தலி, மெர்க்ஸ் ஆகிய பெருவீரர்கள் ஓட்டிய வண்டிகளும் அவற்றுள் உள்ளன. பார்த்தலி ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர். 1938-லும் 1948-லும் பிரான்சுச் சுற்றுப் போட்டியை வென்றவர். போர்க்காலத்தில், பிளாரன்ஸ் நகரின் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா முன்னின்ற மறைமுகப் பணியில், யூதர்களைக் காக்கும் போலி ஆவணங்களை வண்டியின் குழாய்க்குள் ஒளித்து அசிசி வரை ஓட்டிச் சென்றார். அதைப்பற்றி அவர் வாய் திறந்ததே அரிது. அவர் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பின், 2013-இல், இஸ்ரேலின் யாத் வஷேம் நிறுவனம் அவரை நீதிமான்களின் வரிசையில் சேர்த்தது.

அவ்வண்டிகளுக்கிடையே நசுங்கிய வண்டி ஒன்றுண்டு. கோமோ வட்டாரத்து மைந்தரான பாபியோ கசார்தெல்லி 1992-ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1995 ஜூலை 18 அன்று, பிரான்சுச் சுற்றுப் போட்டியில், பிரனீசு மலையிறக்கத்தில் விழுந்து கல்லில் தலை மோதி உயிர்நீத்தார். வயது 24, வீட்டில் சில வாரக் குழந்தை. அன்று அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமானது 2003-ஆம் ஆண்டில்தான். அவரது வண்டியை அன்னையின் ஆலயத்திலேயே வைத்துள்ளனர்.

பிள்ளைகளை இத்தகைய விளையாட்டிற்கு அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோர் எந்நாட்டிலும் உண்டு. மலையேறுதல் இளைஞரின் உடலுக்கும் உள்ளத்திற்கும் நன்று, ஐயமில்லை. எனினும், வெற்றி பெற்ற வண்டிகளை மட்டும் தொங்கவிடாமல் நசுங்கியதையும் அருகே வைத்த அவ்வூராரின் நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

கிசல்லோவிலிருந்து பெல்லாஜோ ஏரிக்கரைக்கு இறங்க 500 மீட்டருக்கும் மேல் உயரம் குறைய வேண்டும். சாலையும் உண்டு, காட்டினூடே பழைய கற்பாதைகளும் உண்டு. கற்பாதையைத் தேர்வோர் ஆலயத்து முற்றத்தில் வண்டியைச் சாய்த்து வைத்து, பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்து, தலைக்கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டு, சிலுவை அடையாளம் வரைந்து புறப்படுகின்றனர்.