நெற்றி நிலம் தொடாத நாட்கள்

முடி நடுவதைப் பற்றி நம்மவர்கள் பேசும்போது செலவும் அழகும்தான் பேச்சாக இருக்கும். நட்ட பிறகு தலை ஆறுகிற கதையை யாரும் சொல்வதில்லை. நாற்பத்திரண்டு வயதில் கொழும்பில் இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டவன் என்ற வகையில் அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சிகிச்சை ஒரே பகலில் முடிந்தது. பிடரிப் பக்கத்து முடி, வழுக்கை விழுந்தாலும் இலகுவில் உதிராத இனம். இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் அதைவிட்டுப் போகாது என்பதை நியூயோர்க் தோல் வைத்தியரான நோர்மன் ஓரென்ட்ரைக் 1959இல் எழுதினார். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த வாயுள்ள கருவியால் வேரோடு எடுத்து, முன்னந்தலையில் ஒவ்வொன்றாக நட்டார்கள். மொத்தம் 1,800 வேர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் வேலை தொடங்கியது. சேலைன் நீரை அடிக்கடி தெளிக்க வேண்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்க வேண்டும். மூன்றாம் நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமைக்கு இறங்கியது. இது வழமைதான், தானாக வற்றிவிடும் என்றார் வைத்தியர். எவ்வளவு அரித்தாலும் பொருக்கில் நகம் படக்கூடாது. ஷாம்பு நுரையை மெதுவாக ஒற்றி, கோப்பையால் நீர் ஊற்றிக் கழுவக் கழுவப் பத்தாம் நாளளவில் பொருக்குகள் கழன்றன.

கடினமாக இருந்தது ஒரேயொரு கட்டளைதான். பத்து நாட்களுக்குத் தலையைத் தாழ்த்தக்கூடாது, நெற்றி எதிலும் உரசக்கூடாது. வுழூவில் சிரமமில்லை. ஷாபிஈ மத்ஹபில் தலையின் சிறு பகுதியைத் தடவினாலே போதும். காதுக்கு மேலே ஈரவிரலால் தடவிக்கொண்டேன். ஸுஜூதுக்கு என்ன செய்வது? நோயாளி இருந்துகொண்டு சைக்கினையால் தொழலாம் என்பது மத்ரஸாவில் ஓதியதுதான். ஆனால் நான் நோயாளியா? காசு கொடுத்து வாங்கிய காயமல்லவா இது? ஊர் மௌலவியிடம் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எப்படி வந்தாலும் காயம் காயம்தானே தம்பி. ஆறும் வரைக்கும் இருந்து தொழுங்க" என்றார்.

நான் கதிரையில் தொழுவதை உம்மா வாசலில் நின்று பார்த்தார். பக்கவாதத்தில் விழுந்த பிறகு வாப்பாவும் அதே கதிரையில்தான் தொழுதார். "அவரு ஏலாமத் தொழுதாரு. நீ ஏலுமான புள்ள" என்று மட்டும் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை.

பதினைந்தாம் நாள் வைத்தியர் அனுமதித்தார். அன்று அஸரில் நெற்றியைப் பாயில் வைத்தவன் வழமையைவிடச் சற்று நேரம் அப்படியே கிடந்தேன்.

மூன்றாம் வாரம் நட்ட முடியெல்லாம் தலையணையில் உதிர்ந்தது. மனைவி கண்கலங்கினாள். உதிர்வது முடிதான், வேர் தோலுக்குள் உறங்கும் என்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். நான்காம் மாதம் பூனைமயிர்போல முளைத்தது. முழுப்பலன் தெரிய ஓராண்டானது.

இப்போது யாராவது விவரம் கேட்டு வந்தால் செலவைக் கடைசியில்தான் சொல்வேன். "பத்து நாள் எப்படித் தொழுவாய்? வீட்டில் யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.