அப்பாவின் அம்பாஸடர்

எங்கள் நிலக்கோட்டை வீட்டு அம்பாஸடர் காரைப் பற்றி உங்களிடம் சொல்லியே ஆகவேண்டும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன வம்சம் அது! அப்பா பூக் கமிஷன் கடை நடத்திய நாளில் பின் ஸீட்டில் ஈர மல்லிகை மூட்டைகள்தாம் பிரயாணம் செய்யும். முன் ஸீட்டில் அம்மா. இப்போது அம்மா இல்லை. ரெக்ஸின் வெடித்து, ஸ்பிரிங் குத்தி, கார் தொழுவத்தில் கிடந்தது.

"விற்றுவிடலாம்" என்றான் தம்பி. அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை.

பத்தாயிரத்துக்குள் ஒப்பேற்றுவதென்று நான் துணிந்தேன். (பத்திரிகை உத்தியோகத்தில் அதற்குமேல் ஏது?) குஷன் தைக்க வந்தவர் கெட்டிக்காரர். பழைய உறையைக் கிழிக்காமல் தையலைப் பிரித்தெடுத்தார். புதியதை வெட்ட அதுவே அளவு. ஒடியாத ஸ்பிரிங்குகளைச் சணல் கயிற்றால் இழுத்துக் கட்டி, மேலே சாக்கு, தேங்காய் நார், மெல்லிய ஃபோம் வைத்தார். தரை விரிப்பைத் தூக்கினால் ஒரே துரு! எல்லாம் பூ மூட்டையின் ஈரம் செய்த வேலை. சுரண்டி, ரெட் ஆக்ஸைடு பூசிக் காய்ந்த பிறகே புது விரிப்பு. நீங்கள் செய்தாலும் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எங்கள் ஊர் வெயிலில் ரெக்ஸின் தோசைக்கல்லாகிவிடும். ஆகையால் பருத்தி உறைகளை நானே தைத்தேன்.

முன் ஸீட்டில் ஜன்னலோரம் ஒரு பள்ளம்.

"இதையும் தூக்கிக் கட்டிரலாமாய்யா?"

"வேண்டாம்ப்பா, அது அப்படியே இருக்கட்டும்" என்றார் அப்பா.

குஷன்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

ஊருக்குப் போனால் அங்கே நான்தான் உட்காருகிறேன். முதுகு கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.