உப்பு லாரி

தூத்துக்குடியில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயின்ட் அடிப்போம். அடுத்த பொங்கலுக்குள் அது பொரிந்து உதிர்ந்துவிடும். அப்பா உப்பளத்தில் கணக்கு எழுதியவர். அவர் சைக்கிளின் மட்கார்டை இரண்டு விரலால் கிள்ளி எடுத்துவிடலாம். கடற்காற்று கொண்டுவந்து படியவிடும் உப்பு சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீர்த்துக்கொள்ளும். ஒரு துளி மழை இல்லாத இரவிலும் எங்கள் ஊர் இரும்பு நனைந்துகொண்டுதான் இருக்கும்.

அதனால் பழைய பிரீமியர் பத்மினி ஒன்று வாங்க நினைத்தபோது உள்ளூரில் நான் தேடவே இல்லை. பத்மினிக்கு ஜீப்பைப் போலத் தனிச் சேஸி கிடையாது, தகடுதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடு உள்ளுக்குள் அரித்துப்போனால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

கோயம்புத்தூரில் இரண்டு வண்டிகள் பார்த்தேன். இரண்டும் கண்ணாடி போல மின்னின. துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவடியில் வைத்தேன், வழுக்கி விழுந்தது. பெயின்டுக்குக் கீழே தகட்டைவிடப் பட்டிதான் அதிகம். மனம் விட்டுப்போய் ஒரு டிங்கரிங் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது அங்கிருந்த பெரியவர் சொன்னார்: "காங்கேயம் பக்கமாப் பாருங்க. தேங்காப் பருப்பு காயற ஊருங்க அது."

தேங்காய்ப் பருப்பு என்று அவர்கள் சொல்வது கொப்பரையை. பொள்ளாச்சித் தேங்காய் லாரி லாரியாகக் காங்கேயத்துக்கு வந்து காய்கிறது. பொள்ளாச்சியின் ஈரம் அங்கே இல்லை. கொப்பரை பூஞ்சணம் பிடிக்காமல் காயும் ஊரில் இரும்பும் பிழைத்துக்கிடக்கும் என்பது அந்தப் பெரியவரின் கணக்கு. நான் கேட்டதிலேயே நல்ல யோசனை அதுதான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. அதே வெயில், அதே மழையில்லாத வானம். கிளுவை வேலி போட்ட கொறங்காடுகளில் மாடுகள் மேய்ந்தன. சாலையோரக் களங்களில் கொப்பரை வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் பாத்தி பாத்தியாக உப்பு காய்வதும் இப்படித்தான். வெயில் ஒன்றாக இருந்தும் இரும்புக்கு அங்கே ஒரு விதி, இங்கே ஒரு விதி.

கொங்குக்காரர்கள் பேரத்தில் ஒரு ரூபாய் விடமாட்டார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்த எண்ணத்தோடுதான் தாராபுரம் சாலையில் ஒரு தோட்டத்துச் சாளைக்குப் போனேன். வண்டி 1980 மாடல். மாட்டுக் கட்டுத்தறிக்குப் பக்கத்தில், ஓட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. உடையவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவிக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். நான் குனிந்து காந்தத்தை வைப்பதைப் பார்த்துவிட்டு, "அதென்னுங் தம்பி கையில?" என்றார். சொன்னேன்.

"பின்னால வலப்பக்கம் வச்சுப் பாருங்க, அங்க ஒட்டாது. கெணத்துத் திட்டுல இடிச்சுட்டாரு. மத்தபடி எங்க வேணாலும் வைங்க."

அப்படியே இருந்தது. அந்த ஒரு சாண் இடம் தவிர எங்கும் காந்தம் 'டக்'கென்று கவ்வியது. கால்விரிப்பைத் தூக்கிவிட்டுத் தரைத்தகட்டைத் தட்டினேன். கோயில் மணிக்கு அடுத்து எனக்குப் பிடித்த சத்தம் அது என்று இப்போதும் சொல்வேன். விலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அவர் பேரமே பேசவில்லை.

மறுநாள் காலை லாரி வந்தது. திருப்பூரில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் தூத்துக்குடி திரும்பும் லாரி, வாடகை பாதிதான். டிரைவர் பலகையை இறக்கி வைத்தபோது அந்த வீட்டம்மா கிட்டே வந்தார். பலகை இடுக்கில் விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்புங்களா?"

"ஆமாம்மா. சாயப்பட்டறைக்கு இறக்கிட்டு வர்றோம்."

அம்மா என் பக்கம் திரும்பினார். "இதுல ஏத்த வேண்டாமுங்க. பணத்தத் திருப்பிக் குடுத்தர்றேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உப்பு என்றால் அவ்வளவு கேவலமா, முப்பது வருடம் எங்கள் அப்பா அதில்தான் எங்களுக்குச் சோறு போட்டார் என்று சத்தமாகவே சொன்னேன். இந்த வண்டியைச் செய்ததே பம்பாய்க் குர்லாவில், கடல் இருக்கிற ஊரில் என்றும் சொன்னேன்.

"செஞ்சது எங்கியோ இருக்கட்டுமுங்க. வளந்தது இங்க" என்றார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"அண்ணாச்சி, ஏத்தவா, கிளம்பவா?" என்று டிரைவர் இரண்டு தரம் கேட்டார். பேசிய வாடகையைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். அவமானமாக இருந்தது. எதற்கென்று அப்போது தெரியவில்லை.

மதியம் சாப்பிடக் கூப்பிட்டார். அரிசிம்பருப்பு, மேலே நெய், பக்கத்தில் தயிர். அரிசியும் துவரம்பருப்பும் ஒரே பானையில் வெந்து குழைந்த சாதம். மீன்குழம்பில் வளர்ந்த நாக்குக்கு அது இவ்வளவு பிடிக்கும் என்று நான் நினைத்ததில்லை. சாப்பிடும்போதுதான் பேச்சு வந்தது. அவர் பிறந்தது நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய அணை. சாயம் பருத்தியில் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு திருப்பூரிலிருந்து சாயத்தண்ணீரோடு ஆற்றில் இறங்கி அணையில் நின்றது, பிறகு கிணறுகளுக்குள் போனது. தென்னை காய்ந்தது.

"மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். தண்ணி தொறந்து விடாதீங்கன்னு அணைக்குக் கீழ இருக்கறவங்களே கேக்க வேண்டி வந்துச்சுங்க" என்றார். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அவர் அண்ணன் உயிரோடு இல்லை.

எனக்கு அப்பாவின் மேசை ஞாபகம் வந்தது. கம்பியில் குத்தி வைத்த சீட்டுகள். அவற்றில் பலவற்றில் அவர் கையெழுத்தில் 'திருப்பூர் லோடு' என்று இருக்கும். எண்ணிக் கட்டும் வேலையைப் பள்ளி விடுமுறையில் எனக்குத் தருவார். அதை அங்கே நான் சொல்லவில்லை. சாதத்தில் உப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. கேட்கவும் இல்லை.

அவரே எழுந்து போய் ஒரு சிட்டிகை கொண்டுவந்து இலையோரம் வைத்தார். "உங்க ஊரு உப்புதானுங், போட்டுக்கங்க."

கை கழுவும்போது சாவியைக் கொடுத்தார். "வாரத்துக்கொருக்கா ஓட்டிட்டுத்தான் இருக்கறோம். நடக்கற காளைய யாராச்சும் லாரில ஏத்துவாங்களா? ஓட்டிட்டுப் போங்க."

முந்நூறு கிலோமீட்டர் சொச்சம். விடியற்காலையில் கிளம்பினேன். ஸ்டியரிங்கை ஒட்டிய கியர் கைக்குப் பழக தாராபுரம் ஆனது. காற்றாலைகளைத் தாண்டியதும் பயம் போய்விட்டது. திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை; ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு தரம் நிறுத்தினேன். எங்குமே வண்டி என்னைக் கைவிடவில்லை.

எட்டயபுரத்தில் அக்கா வீடு. டீ குடிக்க நிறுத்தினேன். சாயங்காலக் காற்று கரிசல் புழுதியோடு வந்தது, உப்பு வாடை இல்லை. தூத்துக்குடிக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே எங்கள் வாசலில் நின்று பார்த்தால் உப்புக் குவியல் தெரியும். அக்காவிடம், மாட்டுக்கொட்டகை காலியாகத்தானே கிடக்கிறது என்று கேட்டேன். வாரம் ஒருமுறை வந்து ஓட்டுவதாகச் சொன்னேன். அத்தான் உள்ளே கிடந்த விறகை ஒதுக்கினார். வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விட்டு, தார்ப்பாய் மூடாமல், காற்றோட்டமாக நிறுத்தினேன்.

இருட்டியபின் தூத்துக்குடி பஸ் கிடைத்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டேன். ஊரில் இறங்கி விளக்கடியில் பார்த்தபோது உள்ளங்கை முழுக்கத் துரு.