பாம்புக்கும் உண்டு விரத நாள்!

பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் கடலைக்கொடிப் போரைப் பிரிக்கும்போதோ, அடுக்கி வைத்த கல்லைப் புரட்டும்போதோ பாம்புச் சட்டை கண்ணில் படுவது புதிதல்ல. ஒருபுறம் ஒகேனக்கல் வரை நீளும் காடு. மறுபுறம் ராகியும் கடலையும் விளையும் மானாவாரி நிலம். தானியம் இருக்கும் இடத்துக்கு எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும்.

சட்டையைப் பார்த்ததும் வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். “தேடிப் புடிச்சு அடிச்சுடணும்” என்பது ஒன்று. “புத்துக்குப் பால் ஊத்தி முட்டை வைங்க, ஒண்ணும் பண்ணாது” என்பது இன்னொன்று. ஒன்று பயம், மற்றொன்று பக்தி. ஆனால், சட்டை உரிக்கும் நாட்களில் பாம்புக்கு வேண்டியது தனிமை மட்டும்தான்.

பாம்பு வளரும். அதன் மேல்தோல் கூடவே வளராது. அதனால் அடியில் புதுத்தோல் உருவாகிறது. பழையதற்கும் புதியதற்கும் இடையே ஒரு திரவம் ஊறும். பாம்புக்கு இமை இல்லை. கண்ணை மூடியிருப்பது கண்ணாடி போன்ற ஒரு செதில்தான். அந்தத் திரவம் அங்கேயும் ஊறுவதால் கண் பால் பூத்ததுபோல வெளுத்துப் போகும். சில நாட்களுக்குப் பார்வை மங்கிவிடும். பிறகு கண் தெளியும். அதற்கும் சில நாட்கள் கழித்து, மூக்கைக் கல்லிலோ மரப்பட்டையிலோ உரசி, காலுறையைக் கழற்றுவதுபோலத் தோலை உள்வெளியாகத் திருப்பிக் கழற்றிவிட்டு நகரும்.

இந்த ஒன்றிரண்டு வாரங்களில் பெரும்பாலான பாம்புகள் இரையைத் தொடாது. கண் சரியாகத் தெரியாமல் வேட்டையாட முடியுமா? எங்காவது ஈரமான இடத்தில் ஒடுங்கிக் கிடக்கும். கரையான் கட்டிய புற்றுக்குள் பாம்பு புகுவதும் அந்தக் குளிர்ச்சிக்காகத்தான். அப்போது யாராவது கிட்டே போனால், வருவது யாரென்று தெரியாத பயத்தில் சட்டென்று சீறும், கொத்தவும் செய்யும். கையில் கம்பு இருந்தாலும் பால் கிண்ணம் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான்.

பாலும் பாம்பின் உணவு அல்ல. அதைச் செரிக்கும் வயிறு அதற்கு இல்லை. தண்ணீர் கொடுக்காமல் வாடவிட்ட பாம்பு தாகத்தில் பாலில் வாய் வைப்பதைத்தான் ‘பால் குடிக்கிறது’ என்று நம்பி வந்தோம். ஆடி வெள்ளிக்குப் புற்றில் மஞ்சளும் பூவும் வைத்துக் கும்பிட்டாலே போதும்; பக்தியில் குறை வராது.

வெளிநாடுகளில் கார்ன் ஸ்நேக், பால் பைத்தான் போன்றவற்றை வீட்டில் வளர்ப்பவர்களும் இதையே கடைப்பிடிக்கிறார்கள். கண் வெளுத்தால் இரை வைப்பதை நிறுத்திவிட்டு, கூண்டில் ஈரப்பதத்தைக் கூட்டுவார்கள். உயிருள்ள எலியை உள்ளே விட்டு மறந்துபோனால், எலியே பாம்பைக் கடித்துக் குதறிவிடும். நம் ஊர்ப் பாம்புகளையோ வீட்டில் வைத்து வளர்க்கவே கூடாது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பாம்பின் போக்கை நன்கு அறிந்தவர்கள் இருளர்கள். 1970-களில் பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டபோது அவர்களின் பிழைப்பே போனது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்புகளை மண்பானைகளில் சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்துக்கொண்டு, மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் ஆதாரம். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. தோலுக்காகப் பாம்பைக் கொன்ற காலம் போய், உயிரோடு விடுவதே பிழைப்பாக மாறியது.

சட்டை கிடைத்தால் பதற வேண்டாம். வால் முனை எந்தத் திசையில் இருக்கிறதோ, பெரும்பாலும் அந்தத் திசையில்தான் பாம்பு போயிருக்கும். அதன் விரதம் முடிந்துவிட்டது. இனி அதற்குப் பசிக்கும். ஆகவே வீட்டைச் சுற்றிச் சிந்திய தானியத்தைக் கூட்டுங்கள், எலி வளைகளை அடையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் வெளியே போகாதீர்கள். பாம்பே கண்ணில் பட்டால், தள்ளி நின்று வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போட்டு, கீறி, மந்திரித்து நேரத்தைக் கடத்தாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.