எழுதாத தாளில் ஒரு கையெழுத்து

போன வாரம் திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். டிப்ளமோ முடித்தவன். நம் மாலைநேர வகுப்பில் உட்கார்ந்து படித்து வளர்ந்த பிள்ளை. மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. "அண்ணே, சேர்றதுக்கு முன்னாடி நாலஞ்சு பேப்பர்ல கையெழுத்து கேக்குறாங்க. அதுல ரெண்டு பேப்பர்ல ஒண்ணுமே எழுதல. எல்லாரும் போட்டுட்டாங்க. நானும் போட்டுடவா?"

"போடாதே" என்று நான் கத்திய கத்தலில் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் அப்படிக் கத்தினேன் என்று அவனிடம் அப்போது சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. இங்கே எழுதுகிறேன்.

2006இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு பெரிய விடுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கடலைப் பார்த்த அறைகள், நீச்சல் குளம், சவுக்குத் தோப்பு. என்னை எடுத்தது விடுதி இல்லை, ஒப்பந்தக்காரர். எங்கள் காலனியிலிருந்தும் பக்கத்துக் காலனிகளிலிருந்தும் பதினோரு பேர் போனோம். எங்களுக்குக் கிடைத்தது கழிப்பறை, துணி வெளுப்பு, தோட்டம், குப்பை. வரவேற்பறையிலும் சமையற்கட்டிலும் எங்களில் ஒருவர்கூட இல்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லை என்று யார் சொன்னது? துடைப்பத்துக்கு நூற்றுக்கு நூறு உண்டு, அறிவிப்புதான் வராது.

சேர்ந்த அன்று சூப்பர்வைசர் ஆளுக்கு இரண்டு வெள்ளைத்தாள் நீட்டினார். "சும்மா ரெக்கார்டுக்கு" என்றார். பதினோரு பேரில் பிளஸ் டூ வரை படித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். போட்டது மட்டுமில்லை, "ஒண்ணும் ஆவாது, போடுங்க" என்று மற்றவர்களுக்கும் தைரியம் சொன்னேன். ஒன்பது பேர் போட்டார்கள்.

போடாதவர் ஒரு அக்கா. செய்யூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். எங்களுக்கு மூன்று வருடம் முன்பே அங்கே வேலைக்கு வந்துவிட்டவர். ஒப்பந்தக்காரர் மாறியதால் அவரிடமும் புதிதாகக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. மைப்பெட்டியை நீட்டியபோது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு சொன்னார்: "எயுதாத பேப்பர்ல எங்கப்பா கைநாட்டு வச்சுத்தான் எங்க நெலம் போச்சு. நான் வெக்க மாட்டேன் சார். வேலை குடுக்கலன்னா பரவால்ல." சூப்பர்வைசர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அவர் சொன்ன நிலம் எது என்று பிறகு தெரிந்தது. பஞ்சமி நிலம். இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், இங்கே நம் முன்னோர் எப்படி வாழ்ந்தார்கள் என்று ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் பண்ணையாளாகக் கிடந்ததை அதில் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. வேறு சாதியாருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். இருந்தும் போயிற்று. சில இடங்களில் அடித்துப் பிடுங்கினார்கள், பல இடங்களில் ஐம்பது ரூபாய்க் கடனுக்கும் நூறு ரூபாய்க் கடனுக்கும் வைத்த கைநாட்டில் போயிற்று. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுத்தான் காரணையில் மக்கள் எழுந்தார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் பறிகொடுத்தோம்.

ஆக, அந்த அக்காவுக்குப் படிப்பு இல்லை, வரலாறு இருந்தது. எனக்குப் படிப்பு மட்டும்தான் இருந்தது.

விடுதிக் கதைக்கு வருகிறேன். எட்டு மாதம் வேலை செய்தால் பத்து நாள் 'பிரேக்'. வீட்டில் இருக்கச் சொல்வார்கள். திரும்பிப் போனால் புது அடையாள அட்டை, புது எண். வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தக்காரர் பெயரும் மாறும். ஆள் அதே ஆள், துடைப்பம் அதே துடைப்பம், தரை அதே தரை. இதெல்லாம் எதற்கு என்று நாலு வருடம் எனக்கு விளங்கவில்லை.

விளங்க வேண்டியிருந்தது ஒரு எண். 480. தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் வந்தது: தொழில் நிறுவனங்களில் தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம். 24 மாதத்துக்குள் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருக்கவேண்டும். ஆலைக்கு மட்டுமில்லை, கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் பொருந்தும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் சராசரியாக 20 நாள் வேலை செய்தாலே போதும். 26 நாள் போகிறவர் பத்தொன்பதாவது மாதத்தில் 480ஐத் தாண்டிவிடுவார். நடுவில் பத்து நாள் பிரேக் மூன்று முறை விட்டால்கூட 24 மாதத்துக்குள் தாண்டிவிடலாம். நோய், அனுமதி பெற்ற விடுப்பு, தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றுபோன நாட்கள் இவற்றால் தொடர்ச்சி அறுபடாது என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது.

அப்படியானால் பிரேக் எதற்கு? நாளைக் குறைப்பதற்கு இல்லை, ஆளை அழிப்பதற்கு. ஒவ்வொரு முறையும் புது எண், புது ஒப்பந்தக்காரர். நாலு வருடம் வேலை செய்த ஒருவன் காகிதத்தில் ஆறு வெவ்வேறு ஆட்களாகிவிடுகிறான்.

2010இல் நாங்கள் பி.எஃப். பணம் எங்கே என்று கேட்டோம். சம்பளத்தில் பிடித்தார்கள், சீட்டு இல்லை. கேட்ட மூன்றாம் நாள் காலையில் காவலாளி கேட்டிலேயே அட்டையை வாங்கிக்கொண்டார். உள்ளே விடவில்லை. ஒருவரைப் பார்த்து "இவனுங்களுக்குச் சட்டம் வேற" என்று சூப்பர்வைசர் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. சாதிப் பெயரைச் சொல்லாமலே சாதியைச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்.

தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்தோம். சமரசப் பேச்சுக்கு அழைத்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கோப்பைத் திறந்து என் ராஜினாமாக் கடிதத்தை எடுத்து வைத்தார். சொந்தக் காரணங்களால் வேலையை விடுகிறேன், எனக்குச் சேரவேண்டிய தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், எந்தக் கோரிக்கையும் இல்லை. அழகாக டைப் அடித்திருந்தது. கீழே என் கையெழுத்து. வளைத்து வளைத்து நான் பெருமையாகப் போடும் அதே கையெழுத்து. அடுத்து ஒன்பது கடிதங்கள். என் பேச்சைக் கேட்டுப் போட்ட ஒன்பது பேர்.

கடிதம் இல்லாதது அக்காவுக்கு மட்டும். அவர் ஒரு மஞ்சள் பையிலிருந்து கட்டுக் கட்டாகத் தினசரி காலண்டர் தாள்களை எடுத்து மேசையில் வைத்தார். வேலைக்குப் போன நாளில் ஒரு புள்ளி, இரவு வேலை என்றால் இரண்டு, லீவு என்றால் ஒன்றுமில்லை. ஏழு வருடம். கூடவே மகளுக்கு வைத்தியம் பார்த்தபோது வாங்கிய ஈ.எஸ்.ஐ. சீட்டுகள், விடுதி முத்திரை குத்திய கேட் பாஸ் நான்கு. அதிகாரி தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். காலண்டர் தாள் தனியாக நின்றால் சாட்சியாகாது. ஆனால் ஈ.எஸ்.ஐ. சீட்டின் தேதியும் கேட் பாஸ் தேதியும் அந்தப் புள்ளிகளோடு ஒத்துப்போயின.

கடைசியில் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பணிக்கொடையும் நோட்டீஸ் சம்பளமும் பிடித்த பி.எஃப். கணக்கும் கிடைத்தது. வழக்கை நீட்ட அவருக்கு வசதியில்லை, அந்தப் பணத்தில் மகளை நர்சிங் சேர்த்தார். எங்கள் பத்துப் பேருக்கும் ஒன்றுமில்லை. அதில் இரண்டு பேர் இன்றுவரை என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவர்கள் மேல் தப்பில்லை.

இதற்குப் பிறகுதான் சட்டப் புத்தகங்களைத் தேடி எடுத்தேன். தெரிந்துகொண்டதில், இன்று வேலைக்குப் போகும் உங்களுக்கு உடனே பயன்படுவதைச் சொல்கிறேன்.

ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தால் சண்டை கடினம் என்பதை மறைக்கமாட்டேன். 2001இல் செயில் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார் என்றது. அதே தீர்ப்பு, ஒப்பந்தம் வெறும் வேஷம் என்று நிரூபித்தால் அவர் முதன்மை நிறுவனத்தின் தொழிலாளிதான் என்றும் சொன்னது. எதை வைத்து நிரூபிப்பது? உங்களுக்கு வேலை சொல்வது யார், லீவு கொடுப்பது யார், ஷிப்ட் பட்டியலில் கையெழுத்து யாருடையது என்பதை வைத்துத்தான். அந்தப் பட்டியல் இன்று வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. குழுவிலிருந்து உங்களை நீக்குவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காமல் போனால் முதன்மை நிறுவனம் கொடுத்தாக வேண்டும் என்பதும் சட்டம்தான். "அவர்கிட்ட போய்க் கேளு" என்று கை காட்ட முடியாது.

பி.எஃப். உங்கள் பங்கு 12 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். சில ஒப்பந்தக்காரர்கள் இரண்டையும் உங்கள் சம்பளத்திலேயே பிடிப்பார்கள். அது திருட்டு. ஈ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு வெறும் 0.75 சதவீதம், அவர்கள் பங்கு 3.25. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது உண்டு. யு.ஏ.என். எண்ணை வாங்கி, பணம் உண்மையில் கட்டப்படுகிறதா என்று மாதாமாதம் போனில் பாருங்கள். எண் கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

பணிக்கொடைக்குக் கணக்கு எளிது. கடைசிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை. 13,000 என்றால் வருடத்துக்கு 7,500. ஏழு வருடத்துக்கு 52,500. இதற்காகத்தான் அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக்கி மீதியை அலவன்ஸ் என்று எழுதுவார்கள். 2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நடைமுறைப்படுத்திய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் எனக்கு நிறைய மனக்குறை உண்டு, வேலைநிறுத்த உரிமையைச் சுருக்கியது முதற்கொண்டு. ஆனால் அதில் மூன்று விஷயங்களை நாம் பிடித்துக்கொள்ளலாம்: எல்லாருக்கும் எழுத்தில் பணி நியமனக் கடிதம் தரவேண்டும், விலக்குப் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டியது சம்பளமாகவே கணக்காகும், வேலையை விட்டாலோ நீக்கினாலோ இரண்டு வேலை நாளுக்குள் சம்பளப் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுப்பதைச் 'சம்பளம் கம்மி' என்று சாதாரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். 1982இல், தில்லி ஆசிய விளையாட்டுக்காகக் கட்டட வேலை செய்தவர்களின் வழக்கில், அது அரசியலமைப்பின் 23வது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1891இன் பண்ணையாளையும் கடற்கரைச் சாலையின் ஹவுஸ்கீப்பிங் ஆளையும் ஒரே பிரிவு பார்க்கிறது. பாபாசாகேப் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்ததை நம் பிள்ளைகள் மேடையில் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். ஆலை வேலை வாரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்த 1946 திருத்தம் அந்தக் காலத்தில் வந்தது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறி, எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டபோது, அந்த எட்டு மணி எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்று பார்த்தோம்.

தம்பியை மறுபடி அழைத்தேன். எழுதாத தாளில் போடாதே, வற்புறுத்தினால் தாளில் வெற்றிடம் இல்லாமல் குறுக்கே கோடு இழுத்து, உன் கையால் தேதி எழுதிப் போடு, போட்டதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு என்றேன். "வேலை போய்டுச்சுன்னாண்ணே?" என்றான். வீட்டில் அவன் சம்பளத்தை எதிர்பார்த்து இருக்கிறார்கள், எனக்குத் தெரியும். பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாயிற்று. போகலாம் தம்பி, போகாது என்று நான் சத்தியம் செய்ய முடியாது என்றேன்.

மறுநாள் மாலை படம் வந்தது. மூலைக்கு மூலை நீலமையில் கோடு, கீழே தேதி, கையெழுத்து. வேலை இருக்கிறது, திங்கட்கிழமை வரச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தான். விடியற்காலை ஐந்து மணிக்கு வேன் வருமாம். அக்காவின் காலண்டர் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது, கேட்டு வாங்கி வைத்தது. அதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து குறிக்க ஆரம்பி என்று எழுதினேன்.