பலூனை விட்டு மதகைப் பிடித்திருக்கலாம்

ஒரு படம் நன்றாக இல்லையென்றால் திட்டிவிட்டுப் போகிற ஆள் நான் இல்லை. ஓசூர் தொழிற்சாலையில் பழகிய புத்தி அப்படி. பீஸ் ரிஜெக்ட் ஆனால் எந்த ஆபரேஷனில் தவறியது என்று பார்க்க வேண்டும்.

2014 டிசம்பர் 12, ரஜினி பிறந்த நாளில் வந்த ‘லிங்கா’வையும் அப்படித்தான் பார்க்கிறேன். கே.எஸ்.ரவிக்குமார் இயக்கிய படம். வெள்ளைக்காரன் காலத்தில், தன் சொத்தையெல்லாம் போட்டு ஊருக்கு அணை கட்டுகிறார் ராஜா லிங்கேஸ்வரன். முல்லைப் பெரியாறு கட்டிய பென்னிகுவிக்கை நினைவுபடுத்தும் கதை. பொய்யை நம்பி அதே ஊர் அவரை விரட்டுகிறது. எவ்வளவு நல்ல மூலப்பொருள்! ஆனால் கடைசியில் பேரன் பைக்கோடு பலூன் மேல் பாய்ந்து, வில்லனின் குண்டிலிருந்து அணையைக் காப்பாற்றுகிறான். அதுவரை கண் கலங்கிய தியேட்டர் அங்கே சிரித்துவிட்டது.

அணைக்கு ஆபத்து வர வில்லன் எதற்கு? காமராஜர் காலத்தில் கட்டிய நம் கிருஷ்ணகிரி அணையில் 2017 நவம்பரில் ஒரு மதகு உடைந்தது. தேக்கிய தண்ணீர் தென்பெண்ணையில் வீணாக ஓடியது. அதை நம்பியிருந்த விவசாயிக்கு அதைவிடப் பெரிய கிளைமாக்ஸ் உண்டா?

அப்படி ஒரு மதகு பேரன் கண்ணெதிரே உடைந்திருக்கலாம். தாத்தாவை விரட்டிய ஊர், இந்த முறை மணல் மூட்டை சுமந்து அவனோடு கரையில் நின்றிருக்கும். மன்னிப்புக் கேட்டும் தீராத பழைய கடன் அன்றைக்குத் தீர்ந்திருக்கும். பலூன் செலவும் மிச்சம்.