அப்பா விழுந்தது வீட்டுப் படிக்கட்டில் அல்ல!

2022 மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. டெஸ்க்கில் உட்கார்ந்து அன்றைய தங்கம் விலையை அப்டேட் செய்துகொண்டிருந்தேன். மேஸ்திரி மாமாவின் நம்பரிலிருந்து போன். "பாப்பா, பயப்படாத. அப்பா லேசா கீழ விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்" என்றார்.

லேசாக அல்ல. இரண்டாவது மாடியில் வெளிப்பூச்சு வேலை. சாரத்தின் பலகை நழுவி, அப்பா நேராகக் கீழே வந்திருக்கிறார். இரண்டு குதிகால் எலும்புகளும் நொறுங்கி, இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் ஒரு முறிவு. 26 வருடங்களாகக் கரண்டி பிடித்த கொத்தனார். திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊர். நானும் தம்பியும் படித்தது அந்தக் கரண்டியில்தான்.

முதல் பத்து நாள்கள் ஒப்பந்தக்காரர் இன்ஜினீயர் தினமும் வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், அம்மாவின் கையில் கொஞ்சம் பணம். மொத்தம் 40,000 ரூபாய் கொடுத்தார். பதினோராம் நாள், ஸ்டாம்ப் பேப்பரோடு அவருடைய ஆள் ஒருவர் வந்தார். "இரண்டு லட்சம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று டைப் செய்திருந்தது. அப்பா பேனாவைக் கையில் வாங்கிவிட்டார். நான் போய்ச் சேர இன்னும் ஐந்து நிமிடம் ஆகியிருந்தால் கையெழுத்தும் போட்டிருப்பார்.

"வக்கீலைப் பார்த்துட்டுப் போடலாம்பா" என்றேன். அதற்கு அப்பா பேசவில்லை, அம்மாதான் பேசினார். "பத்து வருஷமா சோறு போட்ட மனுசன் மேல கேஸ் போடறதா? நாளைக்கு உங்கப்பாவை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?"

நொறுங்கிய குதிகாலோடு இனி சாரம் ஏற முடியாது என்பதை டாக்டர் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். அதை அன்றைக்கு அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வக்கீலைத் தேடிப் போகும் முன்பே ஒருவர் எங்களைத் தேடி வந்தார். ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். அப்பாவின் வார்டு, பெட் நம்பர் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "செலவு ஒரு பைசா வேணாம்மா. வர்ற பணத்துல முப்பது பர்சென்ட் எங்க சாருக்கு. இதுல அப்பாகிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுங்க" என்று நீட்டினார். அது வக்காலத்துப் படிவம். ஒரு வரிகூட நிரப்பப்படவில்லை. நான் பத்திரிகையில் வேலை செய்கிறேன் என்றதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். என் வேலையால் எனக்குக் கிடைத்த ஒரே உடனடிப் பலன் அதுதான்.

பிறகு தெரிந்துகொண்டேன். வக்கீல்கள் இப்படி வழக்குப் பிடிக்க ஆள் அனுப்பக் கூடாது. ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு என்று ஃபீஸ் பேசவும் கூடாது. இரண்டையுமே பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன.

அடுத்து, சித்தப்பா சொன்ன ஒரு சீனியர் வக்கீல். வாகன விபத்து வழக்குகளில் பெயர் எடுத்தவர். பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். "இது மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போற கேஸ் இல்லம்மா. தொழிலாளர் துறை ஆணையர்கிட்ட போகணும். நான் அங்க பழக்கமில்ல. எடுத்துக்கிட்டா உங்க நேரம்தான் வீணாகும்" என்றார். ஃபீஸ் வாங்கவில்லை. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் வக்கீலை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

மூன்றாவதாகப் போனது, கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தில் கேட்டு வாங்கிய முகவரிக்கு. மாடிப்படிக்கு அடியில் ஒரே அறை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, மேசை முழுக்கக் கட்டுகள். வக்கீல் மேடம் எவ்வளவு அடி, எவ்வளவு செலவு என்றெல்லாம் முதலில் கேட்கவில்லை. "ஏ.ஆர் காப்பி வச்சிருக்கீங்களா? அதுல என்ன எழுதியிருக்கு?" என்றுதான் கேட்டார்.

ஏ.ஆர் என்றால் ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. 'விபத்து நடந்தால் செய்யவேண்டியவை' என்று நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன் என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

விண்ணப்பித்து வாங்கிப் பார்த்தேன். 'வீட்டுப் படிக்கட்டில் தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது.' அழைத்துவந்தவர் என்ற இடத்தில் சைட் சூப்பர்வைசரின் பெயர். அப்பா அரை மயக்கத்தில் கிடந்தபோது, அவருக்குப் பதிலாக யாரோ சொன்ன ஒரு வரி. பத்து நாள் ஆப்பிள் வாங்கி வந்ததன் பின்னால் இந்த வரியும் இருந்திருக்கிறது.

மேடம் அதைப் படித்துவிட்டுப் பதறவில்லை. "கேஸ் ஷீட் வாங்குங்க" என்றார். அதில் எலும்பு டாக்டர், அப்பா தெளிந்த பிறகு அவரிடமே கேட்டு, 'உயரத்திலிருந்து விழுந்ததாக' எழுதியிருந்தார். இரண்டு குதிகாலும் முதுகெலும்பும் சேர்ந்து முறிவது, உயரத்திலிருந்து காலூன்றி விழுபவர்களுக்கு வரும் அடி என்று மேடம் விளக்கினார். போலீஸில் புகார் கொடுக்கவைத்து சி.எஸ்.ஆர் ரசீது வாங்கவைத்தார்.

அடுத்த சிக்கல், அப்பா அங்கே வேலை செய்தார் என்பதற்கே ஆதாரம் இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை கையில் கூலி. சீட்டு கிடையாது. நல வாரிய அட்டையும் புதுப்பிக்காமல் காலாவதியாகிக் கிடந்தது. ஆனால், விழுந்த அன்று காலை அப்பா எனக்கு ஒரு செல்ஃபி அனுப்பியிருந்தார், பின்னால் சாரமும் கட்டடமும் தெரிய. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் இடம், நேர விவரங்கள் அழிந்துவிடும் என்பது ஃபேக்ட் செக் செய்யும் எங்களுக்குத் தெரியும். அப்பாவின் போனில் மூலப்படம் அப்படியே இருந்தது. காலை 8.12. இடம் உட்பட. மேஸ்திரி மாமா எப்போதோ ஜிபேயில் அனுப்பிய நான்கு வாரக் கூலியும் வங்கிக் கணக்கில் இருந்தது.

வழக்கு, 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ். (இப்போது அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது.) விபத்து நடந்து இரண்டு வருடங்களுக்குள் மனு போட வேண்டும். அம்மாவின் மனதைக் கரைத்தது அந்தச் சட்டத்தின் 12-வது பிரிவுதான். வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட கட்டுமான நிறுவனமும் பொறுப்பு. "இன்ஜினீயர் மேல மட்டும் இல்லம்மா. பெரிய கம்பெனி மேலயும்தான் போடுறோம். இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தா, இழப்பீட்டை அவங்கதான் கட்டுவாங்க" என்று மேடம் சொன்னபோது, அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப சரி" என்றார். அந்த ஸ்டாம்ப் பேப்பரில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும், உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதும் அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் அதை உடைக்க இன்னும் ஆறு மாதம் அலைந்திருப்போம் என்றார் மேடம்.

ஃபீஸை மொத்தமாக ஒரு தொகை சொன்னார், மூன்று தவணையில். கட்ட முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீலே கேட்கலாம் என்பதையும் அவரேதான் சொன்னார். 15100-க்கு போன் செய்தால் வழி சொல்வார்கள்.

எதிர்த்தரப்பு, "சேஃப்டி பெல்ட் கொடுத்தோம், அவர் போடவில்லை" என்றது. அப்பா சிரித்துவிட்டார். "பெல்ட்டா? நாலு பேருக்கு ஒரு ஹெல்மெட்டுங்க!" ஆனால், அதைச் சொல்ல இன்னொருவர் வேண்டும். மேஸ்திரி மாமா வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது இல்லை. அவர் பொழைப்பும் அதே இன்ஜினீயரிடம்தான். வந்தது, அப்பாவுக்குக் கலவை தூக்கிக் கொடுத்த சித்தாள் அக்கா. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, பார்த்ததைச் சொன்னார். அடுத்த வாரம் அவருக்கு அந்த சைட்டில் வேலை இல்லை. இழப்பீடு வாங்கியவர்கள் பட்டியலில் அந்த அக்கா இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

விசாரணை, வாய்தா, மருத்துவக் குழு என்று 19 மாதங்கள். சம்பாதிக்கும் திறனில் 40 சதவிகிதம் இழப்பு என்று முடிவானது. கணக்கு இப்படி. அப்பா தினம் 900 ரூபாய் வாங்கினாலும், சட்டம் மாதச் சம்பளமாக எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000. அதில் 60 சதவிகிதம் 9,000. ஐம்பது வயதுக்கான காரணி 153.09. பெருக்கினால் 13,77,810. அதில் 40 சதவிகிதம், 5,51,124 ரூபாய். தாமதத்துக்கு 12 சதவிகித வட்டி தனி. பணம் ஆணையரிடம் கட்டப்பட்டு, அப்பாவின் கணக்குக்கு வந்தது. முதலில் கடனை அடைத்தோம். மீதியில் ஊரில் வீட்டு முன்னறையை ஒரு சின்ன ஹார்டுவேர் கடையாக்கினோம். ஆணி, பெயின்ட் பிரஷ், பிவிசி பைப். பூச்சு வேலைக்கு எவ்வளவு சிமென்ட் பிடிக்கும் என்று அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வாங்குகிறார்கள்.

போன பொங்கலன்று, கடையில் உட்கார்ந்திருந்த அப்பாவின் போன் அடித்தது. இன்ஜினீயர். நான்கு நிமிடம் பேசினார்கள். அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கேஸைப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா?"

"இல்ல. கால் எப்படி இருக்குன்னு கேட்டாரு. சிமென்ட் ரேட் கேட்டாரு" என்றார் அப்பா.